பதினோரு ஸ்டிக்கர் பொட்டுகள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து கிளம்பும்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மகள் அபிக்கு வேறு செருப்பு வாங்கியிருப்பேன். இரண்டரை வயதுப் பிள்ளை வழுக்கி விழுந்துவிடுமே என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். தூக்கிக்கொண்டால் எந்தக் கையால் படம் வரைவது என்று இறக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை முதல் கால் மணி நேரம் இப்படியே போனது.

பெங்களூரில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிறேன். முதுகலை. இரண்டு வருடப் படிப்பு, நடுவில் அபி பிறந்ததால் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. "வேதப் புத்தகத்தில் ஒரு படமாவது உண்டா? அப்புறம் இவள் என்னதான் படிக்கிறாள்?" என்று என் மாமியார் பாளையங்கோட்டையிலிருந்து அவ்வப்போது கேட்பார்.

கடைசித் தேர்வுக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். நாற்பது தாள்கள், ஒரே பைண்டிங், எல்லாம் நேரில் பார்த்து வரைந்தவை. தாளைக் கிழிக்கக் கூடாது. வேறொருவர் கை படக் கூடாது. அட்டையில் பெயர் இருக்கக் கூடாது, பதிவெண் மட்டும். வருகிற திங்கள்கிழமை ஜூரி, தேர்வாளர்கள் புத்தகத்தைப் பார்க்கும் நாள். இதற்குமேல் எனக்கு அவகாசம் கிடையாது என்று போன முறையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

என் கணவரின் அக்கா புஷ்பா மைனி சென்னை ராயபுரத்தில், கல்மண்டபத்தில் இருக்கிறார். நர்ஸ். தங்க இடம், பிள்ளைக்குச் சூடான சோறு, நடந்து போகிற தூரத்தில் துறைமுகம். வேலை செய்கிற பெண்களை வரைவது என்று முடிவு செய்ததும் ராயபுரம்தான் நினைவுக்கு வந்தது.

நீலக் குடைக்குக் கீழே சங்கரா மீனையும் காரப்பொடி மீனையும் கூறு கட்டி வைத்திருந்த ஒரு அக்காதான் முதலில் பேசினார். பெயர் கோமளா.

"இன்னாமே, போட்டா புடிக்கிறியா?"

"இல்லக்கா, வரையறேன்."

"போன்ல ஒரு தட்டு தட்டினா வந்துரும். அதுக்கு இவ்ளோ பேஜாரா?"

"காலேஜ்ல கேக்குறாங்க."

"இடுப்புல புள்ள கீது, இன்னும் இன்னா காலேஜு?" பக்கத்துக் குடைகளிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்தது. அவர் என் நெற்றியைப் பார்த்தார். "வேதக்காரியா?"

"ஆமாக்கா."

"அதான் பார்த்தேன். வெயில்ல நிக்காத, இப்பிடி குந்து." ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அபிக்கு ஒரு குட்டி நண்டைக் கொடுத்தார். அதற்கு உயிர் இருக்கிறதா என்று நான் மூன்று முறை கேட்டேன். "உன் புள்ளைய அது ஒண்ணியும் பண்ணாது. உன் புள்ளதான் அத்த இன்னா பண்ணப் போவுதோ" என்றார்.

பேச்சுவாக்கில் அவர் கணவர் விசைப்படகில் போயிருப்பதைச் சொன்னார். போய் மூன்று நாளாகிறது. வருகிற திங்கள்கிழமைதான் கரைக்கு வர வேண்டும். சங்கராவின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

எங்களுக்கு மனித முகத்தைக் கற்றுக்கொடுத்தவை வகுப்பில் இருந்த வெள்ளை பிளாஸ்டர் தலைகள். வெளிச்சம் முதலில் வந்து உட்காருவது நெற்றியில். அங்கே தாளைத் தொடாமல் விட்டுவிடு, மற்றதைக் கரியால் இருட்டாக்கு, முகம் தானாக எழும்பி வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். காசிமேட்டு வெயிலில் வியர்த்த நெற்றிகள் அப்படித்தான் பளபளத்தன. இரண்டு நாளில் பதின்மூன்று பெண்களை வரைந்தேன். பதின்மூன்று நெற்றிகளையும் வெள்ளையாக விட்டேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"காட்டு, பாப்போம்" என்றார் கோமளா அக்கா.

"முடிச்சிட்டுக் காட்டுறேன்கா." பாதிப் படத்தை யாருக்கும் காட்டுகிற வழக்கம் எனக்கில்லை.

"இன்னா, கண்ணு பட்டுருமா?"

நான் புத்தகத்தை மூடிக்கொண்டேன். அன்று காட்டியிருந்தால் பின்னால் வந்த கதை நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மாலையில் மைனி எங்களை அத்தோ சாப்பிடக் கூட்டிப்போனார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டமாம். நூடுல்ஸில் வெங்காயமும் புளியும் பொரித்த பூண்டும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். கடைக்காரர் அந்தக் கையை எப்போது கழுவினார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அபி ஒரு கிண்ணம் சூப்பைக் குடித்து முடித்திருந்தாள். இரவெல்லாம் அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை காற்றில் உப்பு அதிகம். பெங்களூரில் விறைப்பாக நிற்கும் தாள் இங்கே அப்பளம்போல நமுத்து வளைந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு ஆந்திரத் தொழிலாளர்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பெங்களூர் வாசத்தில் எனக்கு அந்த மொழி பாதி புரியும். "அந்தம்மா நம்மைத்தான் வரைகிறாள், தொப்பையை உள்ளே இழு" என்றார் ஒருவர். "எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கிறது? அவள் இன்னும் படகையே முடிக்கவில்லை" என்றார் மற்றவர்.

வியாழக்கிழமை எண்ணூர். முகத்துவாரக்குப்பத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தருகே நான்கு பெண்கள் இறால் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். நான்கு பேரையும் வரைந்தேன். படகு, வலை, ஆட்கள் எல்லாம் சேர்த்து அன்று மாலை புத்தகத்தில் முப்பத்து நான்கு தாள்கள் நிறைந்திருந்தன. இன்னும் ஆறுதான். பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசி எடுத்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, அவற்றின் இடுக்கில் எங்கள் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. திருவொற்றியூர் தேரடி வருவதற்குச் சற்று முன் அபி வாந்தி எடுத்தாள்.

"எம்மா, புள்ள தலைய வெளிய காட்டு, ஜல்தி!" என்று டிரைவர் கத்தினார். வண்டி நின்றது. நான் அவளோடு குதித்தேன். உள்ளே இருந்தவர்கள் அவளுடைய பை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். ஜூஸ் கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் தந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி நிமிர்ந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது. இருக்கைக்குப் பின்னால் நான் செருகி வைத்திருந்த துணிப்பையும் அதோடு போய்விட்டது. புத்தகம் அந்தப் பையில் இருந்தது.

ஆட்டோ நம்பரைப் பார்க்கவில்லை. புத்தகத்தில் என் பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. விதியை அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியிருந்தேன்.

தேரடி ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர்களிடம் ஓடினேன்.

"பையில இன்னாமா கீது? நகையா?"

"இல்லண்ணா. படம். நான் வரைஞ்சது."

"யாரு படம்?"

"மீன் விக்கிற அம்மாங்க படம்."

"அவங்களத்தான் தெனமும் பார்க்கறோமே. அதுக்கா அழுவுற? இன்னொரு தபா வரைஞ்சிக்க."

"டேய், அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்த்துப் பேசுடா" என்று இன்னொருவர் அவரை அதட்டினார். என் நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டார். "வண்டி எங்க போயிரும்? இத்தே ரோட்டுலதான் வந்துகினு போயிகினு கீதுங்க. நீ வூட்டுக்குப் போ, கண்ணு."

வீட்டில் மைனி திட்டவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கணவரிடம் போனில் சொன்னபோது, "பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்றுதான் முதலில் கேட்டார். பிள்ளை நன்றாக இருந்தாள், ரசம்சாதம் கேட்டாள். அபியைக் கூட்டி வந்தது தப்பா? விட்டுவிட்டு வந்திருந்தால் அது தப்பாகியிருக்குமா? வாந்தி வந்த நேரத்தில் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்று தோன்றாதவள் ஓவியரா? தோன்றியிருந்தால் அவள் என்ன தாய்? நான் மாற்றி மாற்றி இதையே கேட்டுக்கொண்டிருந்ததில் மைனிக்கு அலுத்துவிட்டது. "ஏளா, ஜெபம் பண்ணிட்டுப் படு. மிச்சத்தை நாளைக்கு யோசி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கல்மண்டபத்தில் கடை திறந்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். படம் வரையும் தாள் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டுதான் கிடைத்தது. இரண்டே நாளில் நாற்பது படம் முடியாது என்று தெரியும். ஆனாலும் சும்மா உட்கார முடியவில்லை. அபியைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன்.

கோமளா அக்கா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். "வாடி, வா! ஒனக்காகத்தான் குந்திகினு கீறேன்!" என்றார். மீன் பெட்டிக்கு மேல், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், என் புத்தகம்.

நான் அப்படியே அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வண்டியைக் கழுவும்போது டிரைவர் பையைப் பார்த்திருக்கிறார். புரட்டிப் பார்த்தால் பெயரில்லை, முகங்கள் மட்டும்தான். கடைசிச் சவாரியில் எண்ணூரில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய கூடைக்காரம்மா ஒருவர் ஏறியிருக்கிறார். அவரிடம் காட்டியிருக்கிறார். "இது நம்ம கோமளாடா! இது கருவாட்டுக்கட ரங்கம்மா!" என்று அந்த அம்மா சொல்ல, புத்தகம் அவர் கூடையில் ஏறிக் காசிமேட்டுக்கு வந்துவிட்டது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்த வுடு. இன்னா வேல பண்ணி வச்சிருக்க நீ? எல்லார் நெத்தியும் காலியா கீது. என் வூட்டுக்காரு கடல்ல கீறாரு. நீ என்னைத் தாலி அறுத்தவளாட்டம் வரைஞ்சி வச்சிகினு ஊரு சுத்திகினு கீற?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து என் வீட்டில் யாரும் பொட்டு வைத்துப் பார்த்ததில்லை. வகுப்பில் இருந்த பிளாஸ்டர் தலைகளுக்கும் பொட்டில்லை. அவர் நெற்றியில் இரண்டு நாளும் அரக்கு நிறத்தில் அத்தனை பெரிய பொட்டு இருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு சுருக்கமாகப் பார்த்து வரைந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பெல்லாம் இன்னாத்துக்கு? நாங்களே சரி பண்ணிட்டோம், தொறந்து பாரு."

திறந்தேன். ஏழாம் பக்கத்தில் கோமளா அக்காவின் கரிய முகத்தில், நான் விட்டுவைத்த வெளிச்சத்தின் நடுவில், அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு. அடுத்த பக்கத்தில் சிவப்பு. அதற்கடுத்ததில் கல் வைத்தது, மின்னியது. பதின்மூன்று பேரில் பதினோரு பேருக்கு ஒட்டியிருந்தார்கள். கணவரை இழந்த கருவாட்டுக்கடை ரங்கம்மாவுக்கு ஒட்டவில்லை. ஐஸ் பெட்டி கழுவும் ஸ்டெல்லாவுக்கும் ஒட்டவில்லை. அவர் கழுத்தில் மட்டும் பால்பாயின்ட் பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை.

"அது ஸ்டெல்லாவே போட்டுகினா. கேட்டா, நீ செயின வரையாம வுட்டுட்டியாம்" என்றார்.

"இந்த நாலு பேரு?" முகத்துவாரக்குப்பத்துப் பெண்களின் நெற்றிகள் வெள்ளையாகவே இருந்தன.

"அவங்க யாரு இன்னான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? புருசன் கீறானா, இல்லியா, வேதக்காரியா, ஒண்ணியும் தெரியாம ஒட்டலாமா? நீயே போய்க் கேட்டு ஒட்டு." மிச்சமிருந்த பொட்டு அட்டையை என் கையில் வைத்து அழுத்தினார். பிறகு தன் நம்பரைச் சொல்லி, என் போனில் போடவைத்தார். "பாசானா சொல்லு. பெயிலானாலும் சொல்லு, அந்த வாத்தியாரு கிட்ட நான் பேசறேன்."

சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தேர்வு விதிகள் நினைவுக்கு வந்தன. புத்தகம் கிடைத்துவிட்டது, சரி. வேறொருவர் கை படக் கூடாது என்பது விதி. இதில் எத்தனை கைகள்! கட்டிலில் உட்கார்ந்து ஏழாம் பக்கத்துப் பொட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினேன். தாளின் நார் கூடவே கிளம்பியது.

"பிய்க்காத ளா" என்றார் வாசலில் நின்ற மைனி. டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னால பொட்டை எடுக்கச் சொல்லுவோம். சில பொம்பளைங்க அதுக்குத்தான் அழுவாங்க, ஆபரேஷனுக்கு அழ மாட்டாங்க. நான் அதை என் வாட்ச் வார்ல ஒட்டி வச்சிருந்து, வெளிய வந்ததும் முதல் வேலையா அவங்க நெத்தியில வச்சிருவேன். நான் என்ன பொட்டு வைக்கிறவளா?"

நெம்பிய ஓரத்தை விரலால் அழுத்திவிட்டேன்.

என் வழிகாட்டி மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம்: "எதையும் அழிக்காதே, உரிக்காதே. கடைசித் தாளின் பின்பக்கம் நடந்ததை எழுது. ஜூரி ஏற்பார்களா, தள்ளுவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது." பிறகு, "அந்த நான்கு பேரிடமும் போய்க் கேட்டுவிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை மறுபடி முகத்துவாரக்குப்பம். இந்த முறை அபியின் மடியில் ஒரு பாலித்தீன் பை, என் மடியில் புத்தகம். லாரி வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். அபி லாரிகளுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். நான் துணிப்பையின் கைப்பிடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன்.

இறால் பிரிக்கும் பெண்களிடம் அட்டையை நீட்டியபோது முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் அட்டையில் இருந்ததிலேயே பெரியதைத் தேர்ந்தெடுத்து அளந்து ஒட்டினார். கல்யாணமாகாத பெண் சின்னக் கறுப்பு கேட்டாள். வயதான ஒருவர், "எனக்கு வேணாம்மா, அவரு போயி பத்து வருசமாச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறாலை எடுத்துக்கொண்டார். நான்காவது பெண், "ஸ்டிக்கரு எனக்கு அரிக்கும்" என்றார். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, நான் தடுப்பதற்குள், படத்தின் நெற்றியில் வைத்துவிட்டார். தடுத்திருப்பேனா என்றும் தெரியவில்லை. மிச்சம் ஆறு தாள்களையும் அங்கேயே நிரப்பினேன். இந்த முறை ஒவ்வொன்றையும் வரைய வரையவே காட்டினேன்.

ஞாயிறு ராயபுரத்தில் மைனியோடு ஆராதனைக்குப் போய்விட்டு, அங்கிருந்தே பெங்களூருக்குக் கிளம்பினோம்.

திங்கள்கிழமை காலை கல்லூரிச் சிற்றாலயத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜூரிக்கு அரை மணி நேரம் இருந்தது. மேசையில் புத்தகத்தை வைத்து ஒருமுறை புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் பொட்டு இல்லை.

நான் நெம்பிய பொட்டு. வெள்ளை நெற்றியில் நார் கிளம்பிய வட்டம் மட்டும் இருந்தது. பையைக் கவிழ்த்தேன், தரையைத் தடவினேன். கிடைக்கவில்லை. பையில் அட்டை இருந்தது. அதில் அதே அரக்கு நிறம் இல்லை, சிவப்பு இருந்தது. எடுத்து ஒட்டிவிடலாம். ஒரு நொடி வேலை. ஆனால் விரல் போகவில்லை. இன்றுதானே கோமளா அக்காவின் கணவர் கரைக்கு வர வேண்டிய நாள்?

இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். இருந்தும் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஒரு ஆண் குரல் எடுத்தது.

"யாரு?"

"கோமளா அக்கா இருக்காங்களா?"

"அது மீனு வெட்டிகினு கீது. கையெல்லாம் ரத்தம். நான் அவ வூட்டுக்காரன் பேசறேன். நீ யாரு?"

"படம் வரையிற பொண்ணு" என்றேன்.

"ஓ, என்னைச் சாவடிச்சிப் படம் போட்ட பொண்ணா?" என்று கேட்டுவிட்டு அவர் பெரிதாகச் சிரித்தார். பின்னாலிருந்து கோமளா அக்காவின் குரல் கேட்டது: "பாசா பெயிலான்னு கேளுயா!"

"இன்னும் ஆரம்பிக்கலண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சிவப்புப் பொட்டை உரித்து, நார் கிளம்பிய வட்டத்தின் மேல் வைத்து, பெருவிரலால் நன்றாக அழுத்தினேன்.

ஜூரியில் மூன்று பேர். கடைசித் தாளில் நான் எழுதியதை முதலில் படித்தார்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாக, மெதுவாகப் புரட்டினார்கள். ரங்கம்மாவின் பக்கத்தில் நின்றார்கள், ஸ்டெல்லாவின் சிலுவையில் நின்றார்கள். குங்குமத்தை ஒருவர் முகர்ந்தே பார்த்தார். நடுவில் இருந்த மூத்தவர் ஏழாம் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

"இது அரக்கு நிறம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே சிவப்பாக இருக்கிறதே?"

"பழையது விழுந்துவிட்டது, சார். இதை இன்று காலையில் நான் ஒட்டினேன்." அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் கணவர் கரைக்கு வந்துவிட்டாரா என்று விசாரித்துவிட்டுத்தான் ஒட்டினேன்."

மூத்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மதிப்பெண் தாளில் என் பதிவெண்ணைத் தேடி, எதிரே 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் அபி தன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி போனை எடுத்தேன். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.